மெதுவா மாஸ்டரின் வலது கால்

சாப்பாட்டு மேசைக்கடியில் அந்த வலது கால் மறுபடியும் தரையை அழுத்தியது. மேலே, புத்தகத்தில் சுட்டுவிரலை ஊன்றி வாயைப் பாதி திறந்திருந்த பாப்பா, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னாள். அது சரியான எழுத்தாகவே இருந்துவிட்டது. கால் தளர்ந்தது. "சபாஷ் தாயே! மெதுவா, மெதுவா வா. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல" என்றார் அப்பா. தன் கால் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்து பல வருஷம் ஆகிவிட்டது.

தொழில், கார் ஓட்டக் கற்றுத் தருவது. பயிற்சி கொடுக்கிற காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கைதான் அவருடைய சிம்மாசனம். ஸ்டியரிங்கின் கழுத்தை நெரித்துக்கொண்டு, எதிரே வரும் லாரியை ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரை, அந்த ஒரு காலால் முழுசாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கால் வேலை செய்யும்போது வாய் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் 'மெதுவா மாஸ்டர்' என்று பேர் வைத்தார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

காரை விட்டு இறங்கினாலும் கால் இறங்காது. பஸ்ஸில் போனால் ஓட்டுநருக்கு முன்னால் இவர் பிரேக் போடுவார். தொலைக்காட்சியில் யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினால் போடுவார். மனைவி கத்தியை வேகமாக ஓட்டிக் காய் நறுக்கினால், சமையலறை வாசலில் நின்றபடி போடுவார். ஆனால், சாலையில் இத்தனை நிதானமான மனிதர் வீட்டுக்குள் தண்ணீர் கொதிக்கும்வரைகூடப் பொறுக்கமாட்டார். கெட்டிலின் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, கொதிக்காத தண்ணீரில் டீ போட்டுக் குடித்துவிட்டு, "என்ன தூள் வாங்கினே, சாயமே இறங்கல" என்று மனைவியைக் குறை சொல்வார்.

அவர் கையில் கற்றுக்கொண்டவர்கள் அவரை மறப்பதில்லை. ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், லைசென்ஸ் வாங்கி அதைப் புதுப்பித்தும் ஆயிற்று. இன்னமும் கொஞ்சம் தூரம் போவதென்றால் ஆளனுப்பிவிடுவார். "மாஸ்டர், சும்மா வந்து பக்கத்துல உக்காருங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இருந்தாப் போதும்." மாஸ்டர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வருவார். "அந்தம்மாவுக்கு என் மேல என்ன ஒரு மரியாதை பாத்தியா!" என்பார். மனைவி பதில் சொல்வதில்லை. அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் வியாதியைக் கேட்டுக்கொண்டிருப்பதால் வீட்டில் வாயைத் திறப்பது குறைவு. திறந்தால் குறி தப்பாது.

நோய் பரவி எல்லாம் இழுத்து மூடப்பட்டபோது அந்த வீட்டில் மூடாதது மருந்துக்கடை மட்டும்தான். பயிற்சிக் கார் வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. பாப்பாவின் பள்ளிக்கூடம் அம்மாவின் கைபேசிக்குள் புகுந்துகொண்டது. அம்மா வேலைக்குக் கிளம்புவதற்குள் காலை வகுப்பு. சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள். ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும், ஒன்று பூனையைக் கொண்டுவந்து காட்டும், ஒன்று வகுப்பு முடியும்வரை மின்விசிறியை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியை தொண்டை கட்டக் கட்ட எழுத்துகளைச் சொல்வார். அதற்குப் பிள்ளைகள், "மிஸ், எங்க வீட்ல மழை" என்று பதில் சொல்லும்.

"இது சரிப்படாது. நானே பாத்துக்கிறேன்" என்று மாஸ்டர் அறிவித்தார்.

அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் பார்த்துக்கொண்டார். பாப்பா மேசைமுன் உட்கார்ந்ததும், "முதல்ல சீட்டைச் சரி பண்ணு. வெளிச்சம் வருதா? விரல் பாதையில இருக்கா? ம், இப்ப கிளப்பு." அவர் இடப்பக்கத்து நாற்காலியில், வலது காலைச் சற்றே முன்னால் நீட்டி. எழுத்துகளுக்கும் போக்குவரத்து விதி உண்டாயிற்று. "மேல புள்ளி இருந்தா அங்க வண்டி நின்னுடணும். இழுத்துக்கிட்டே போகக் கூடாது." "எழுத்துக்கு முன்னாடி கொம்பு போகுது பாரு, அது பைலட் வண்டி. பின்னாடி பெரிய ஆள் வர்றார்னு அர்த்தம். பைலட்டைப் பாத்ததும் தயாரா இருந்துக்கணும்." பாப்பாவுக்கு இதெல்லாம் உடனே புரிந்தது. கொம்பைக் கண்டதும் வாயால் சைரன் ஊதிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவாள்.

சில வாரங்களிலேயே பாப்பா படித்தாள். நிறுத்தி நிறுத்தி, அங்கங்கே தடுமாறி, தானாகவே திருத்திக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தாள். கைபேசி வகுப்பிலும் அப்பா பக்கத்தில் உட்கார, படித்துக்காட்டினாள். ஆசிரியை கைதட்டினார். மாஸ்டர் அன்று மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி அவர். அவருடைய மகனும் அதே வகுப்பு. பள்ளி நடந்த நாளில் பாப்பாவும் அவனும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில், ஒரே சண்டை.

"என்ன மாமா, பிள்ளைக்கு நீங்கதான் வாத்தியாராமே? பாத்து. கார் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை ரிவர்ஸ்ல போயிடப் போவுது."

"உன் பையன் இன்னும் ஷெட்டை விட்டே கிளம்பலையாமே, முதல்ல அதப் பாருடா" என்று வைத்துவிட்டார் மாஸ்டர். அன்று முழுக்க சிரித்த முகமாகவே இருந்தார். டீகூட கொதித்த தண்ணீரில் போட்டார்.

அடுத்த வாரம் ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பார்க்காத பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்வார்கள். வீட்டார் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. படித்தால் ஒண்ணாம் வகுப்பு. படிக்காத பிள்ளைகள் இன்னொரு வருஷம் அதே சின்ன வகுப்பு. பாப்பா முதலில் கேட்டது, "அப்போ அவன் ஒண்ணாவது போயிட்டா பெஞ்சுல என் பக்கத்துல யாரு?" என்றுதான். "நீயும்தான் போவே. யார் பொண்ணு நீ? எங்கிட்ட கத்துக்கிட்டவங்க யாராச்சும் டெஸ்ட்ல தோத்திருக்காங்களா?" என்றார் அப்பா.

மறுநாள் அவருடைய நாற்காலி உடைந்தது. பாடத்துக்குப் பாயை விரித்தார்கள். மாஸ்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாப்பா புத்தகத்தைத் திறந்தாள், விரலை வைத்தாள், நின்றாள். தலையைச் சாய்த்துப் பாயைப் பார்த்தாள். அப்பாவின் மடியைப் பார்த்தாள்.

"அப்பா, காலை நீட்டுப்பா."

"ஏன்டா, இடிக்குதா?"

"இல்லப்பா. காலைக் காணோம்."

"அது எதுக்கு உனக்கு?"

மண்டுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு பாப்பா விளக்கினாள். "அது அழுத்துச்சுன்னா தப்பு. வேற சொல்லணும். சும்மா இருந்துச்சுன்னா சரி. கால் தெரியாம எப்படிப் படிக்கிறதாம்?"

மாஸ்டர் முதலில் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றது. புத்தகத்தின் முதல் பக்கத்தை, பாப்பா பலமுறை படித்துக்காட்டிய அதே பக்கத்தை, "சும்மா இத மட்டும் படி" என்று நீட்டினார். பாப்பா ஒன்றிரண்டு எழுத்துகளைச் சொன்னாள். மிச்சத்துக்கு எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து அந்தக் குழந்தை படித்த ஒரே நூல் அப்பாவின் கால்தான். அதை மட்டும் பிழையில்லாமல் படித்திருந்தாள்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு, விரல்விட்டு நாட்களை எண்ணினார். மாதக் கடைசி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காரணமே இல்லாமல், ஜவுளிக்கடை அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. 'இருந்தாப் போதும்' என்று அவர் சொன்னதெல்லாம் மரியாதையில் சேர்த்தியா, வேறு எதிலாவது சேர்த்தியா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவிக்கு அது முன்பே தெரியும் என்ற சந்தேகமும் கூடவே வந்ததால் சொல்லவில்லை.

காலை அடக்கப் பார்த்தார். பாதத்தின்மேல் அரைக்கிற கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பாடம் நடந்தது. கல் இருந்தால் என்ன? தப்பான எழுத்து வந்ததும் மூச்சு நின்றது. பாப்பா மூச்சைப் படித்தாள். மூச்சைச் சீராக விட்டார், புருவம் ஏறியது. புருவத்தைப் படித்தாள். பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார். தொண்டை தானாகச் செருமியது. அதுவும் ஒரு நல்ல எழுத்துதான் என்று பாப்பா கண்டுகொண்டாள். மனிதர் தலையிலிருந்து கால்வரை சிக்னல் கம்பமாக இருந்தார். ஓர் இடத்தில் விளக்கை அணைத்தால் இன்னோர் இடத்தில் எரிந்தது.

மாலையில் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, முகக்கவசத்தைக் கொடியில் போட்டுவிட்டு, மனைவி இந்தக் கூத்தைச் சிறிது நேரம் நின்று பார்த்தார்.

"நல்லாத்தாங்க படிக்கிறா. புத்தகத்தைத்தான் படிக்கல, உங்களைப் படிக்கிறா."

"அதான் கல்லை வெச்சிருக்கேன்ல?"

"கல்லை வெச்சு? நீங்க அந்த ரூம்ல இருக்கிற வரைக்கும் அவ புத்தகத்தைப் பாக்கமாட்டா. எழுந்திருச்சு சமையக்கட்டுக்குப் போங்க."

"பிள்ளை தப்பாப் படிச்சா?"

"படிக்கட்டுமே. என்ன, லாரியா மோதப் போவுது?"

மாஸ்டர் குனிந்து கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். அவருடைய தொழிலில் தப்பு நடந்த பிறகு திருத்துவது என்று ஒன்று கிடையாது. தப்பு நடக்கவே கூடாது, அதற்குத்தான் அந்த இருக்கை, அதற்குத்தான் அந்தக் கால். தப்பைத் தப்பாகவே முழுசாக நடக்கவிட்டு, அது என்ன ஆகிறது என்று பார்ப்பது அவருக்குப் புதிய தொழில். அதை அவர் மறுநாள் காலை கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அதைச் சாதாரணமாக எடைபோட்டுவிட வேண்டாம். கைதேர்ந்த ஒருவர், தன் கைதேர்ச்சியையே கழற்றி வெளியே வைப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை.

யோசனையும் அவருடையதே. சின்னச் சின்னச் சீட்டுகளில் ஒவ்வொரு வேலையாகப் பெரிய எழுத்தில் எழுதினார். 'குதி'. 'சன்னலைத் திற'. 'மணி அடி'. கூடத்தில் தலையணைக்கடியிலும் செருப்புக்குள்ளும் ஒளித்துவைத்தார். பாப்பா தேடி எடுக்க வேண்டும், படிக்க வேண்டும், அதன்படி செய்ய வேண்டும். அப்பா சமையலறையில். அவருக்குப் பிள்ளையும் தெரியாது, பிள்ளைக்கு அவரும் தெரியாது. சத்தம் மட்டும்தான் வரும். 'தொம்' என்றால் குதித்திருக்கிறாள். கீச்சென்றால் சன்னல். தப்பாகச் செய்தால் ஒன்றும் சொல்லக் கூடாது. அந்தச் சீட்டை மறுபடி ஒளித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். இது மனைவி போட்ட சட்டம்.

முதல் சில நாட்கள் எல்லாச் சீட்டுக்கும் 'தொம்' என்றே கேட்டது. பாப்பாவுக்குக் குதிப்பதுதான் பிடித்திருந்தது. நடுவில் ஒருநாள் சத்தமே வரவில்லை. பிறகு விசும்பல் கேட்டது. "அப்பா, வந்து பக்கத்துல உக்காருப்பா. எனக்கு வரல." மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். வலது கால் சமையலறைத் தரையைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது. அடுப்பில் என்னவோ தீய்ந்தது. "உனக்கு வரும் தாயே. புள்ளி எங்க இருக்குன்னு மட்டும் பாரு. நான் இங்க வேலையா இருக்கேன்" என்று கத்தினார். வேலை ஒன்றும் இல்லை. சட்டி கரியாகிக்கொண்டிருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் மனைவி சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் பாடத்துல சேர்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பாப்பா வேறு வழியில்லாமல் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். அதில்தான் எழுத்துகள் இருந்தன. புள்ளியில் வண்டி நிற்கும் சத்தம் கூடத்திலிருந்து கேட்டது. நெடுநேர அமைதிக்குப் பிறகு ஒரு சைரன் கேட்டது. ஒரு நாள் சன்னல் கீச்சிட்டது. இன்னொரு நாள் மணி அடித்தது. ஆனால் அந்தச் சீட்டில் 'விளக்கைப் போடு' என்று இருந்தது. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒளித்துவைத்தார்.

பிறகு ஒரு நாள், மேசை விரிப்புக்கடியில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் முணுமுணுப்பு. நிறுத்தம். மறுபடி முதலிலிருந்து முணுமுணுப்பு. பிறகு களுக்கென்று ஒரு சிரிப்பு. காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் வந்தது. இடுப்பில், நகம் பதிய, ஒரு கிள்ளு.

"ஆ!" என்று அலறினார் மாஸ்டர். "என்ன பண்றே?"

"'அப்பாவைக் கிள்ளு'ன்னு எழுதியிருந்துச்சு."

"எழுதியிருந்துச்சா? நிசமாவா?"

"நீதானே எழுதினே!"

"நான்தான்! நான்தான் எழுதினேன்!" கையில் வெங்காயத்தோடு அவர் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணம் என்று பாப்பாவிடம் சொன்னார். பாப்பா நம்பினாள். மாலையில் மனைவியிடம் சட்டையைத் தூக்கி நகத் தடத்தைக் காட்டினார், ஏதோ பதக்கத்தைக் காட்டுவதுபோல.

"இப்படியே படிச்சா, அவ பத்தாவது போறதுக்குள்ள உங்களுக்குத் தோலே இருக்காது" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தானே தடவிவிட்டார்.

மாதக் கடைசி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையிலேயே பாப்பாவுக்குத் தலை வாரி, பள்ளிச் சீருடைச் சட்டையைப் போட்டுவிட்டார் அம்மா. அது தோள்பட்டையில் இறுக்கிப் பிடித்தது. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து மேசையில் வைத்தார்கள். மச்சான் மகனுக்கு முந்தின நாளே முடிந்திருந்தது. அவன் தேறிவிட்டான் என்ற செய்தி, கேட்காமலேயே வந்து சேர்ந்திருந்தது.

"வீட்ல யாரும் பக்கத்துல இல்லையே, குட்டி?" என்று ஆசிரியையின் குரல் கேட்டது.

"இல்ல மிஸ். அப்பா, அம்மா ரெண்டு பேரையும் வெளிய தொரத்திட்டேன்."

துரத்தப்பட்ட இருவரும் வீட்டுக் கதவுக்கு வெளியே, மாடிப்படி தொடங்குகிற இடத்தில் நின்றார்கள். கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. பக்கத்தைத் திரையில் காட்டித்தான் படிக்கச் சொன்னார்கள். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மாஸ்டருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றார்.

முதல் வரி நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவது வரியில் சைரன் ஊதியது, ஆசிரியை "என்ன சத்தம் அது?" என்று கேட்க, "பைலட் வண்டி மிஸ்" என்று பாப்பா பதில் சொன்னாள். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வரியில் வண்டி நின்றது.

ஓர் எழுத்து வந்தது. பின்வாங்கியது. ஒரு சொல் வந்தது. யார் காதுக்கும் அது அந்த வரியில் சேராத சொல் என்று தெரிந்தது. ஆசிரியை சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

மனைவியால் தாங்க முடியவில்லை. அவரைச் சமையலறைக்குத் துரத்திச் சட்டம் போட்ட அதே மனைவி, அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "ஏங்க, பிள்ளை திணறுதுங்க. உள்ள போங்களேன். ஒண்ணும் சொல்ல வேணாம், மொகத்தை மட்டும் காட்டுங்க. பாவம்ங்க."

மாஸ்டரின் கை கதவுப்பிடிக்குப் போனது. மனைவி வழிவிட்டு ஒதுங்கினார்.

"மிஸ், இருங்க" என்றது உள்ளிருந்து குரல். "நான் தப்பாப் போயிட்டேன். வரியோட ஆரம்பத்திலேர்ந்து வர்றேன்."

விரல் திரையைத் தொடும் 'டிக்' சத்தம் கேட்டது. முதல் எழுத்து வந்தது. மாஸ்டர் கதவைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே நடப்பது ஒன்றும் காதில் விழாதபடி, சத்தமில்லாமல் சாத்தினார்.